விலாசம் தெரிந்த ரத்தம்

இதில் ஓர் எழுத்துப் பொய்யென்றாலும் சொன்னவன் வாய் கோணிப் போகட்டும்: காய்ந்து பதினொரு மாதமான ரத்தக் கறை ஒன்று, ஒரு செவ்வாய்க்கிழமை, ஆய்வுக்கூடத்திலிருந்து கிளம்பித் தன் சொந்தக்காரனைப் பார்க்க நடந்தே போனது.

கறை இருந்தது ஒரு லாரி டிரைவரின் சட்டையில். கொலையான கடைக்காரரின் ரத்தம் என்றது போலீஸ். தன் மூக்கில் வடிந்தது என்றார் டிரைவர். இருவருக்கும் ரத்த வகை ஒன்றே. பிரித்துச் சொல்ல ரத்தத்திலுள்ள புரதத்தால்தான் முடியும். அதில் கைதேர்ந்தவர் ஆய்வுக்கூடத்து அம்மாள். கறைபட்ட நூலை உருவி, நனைத்து, கண்ணாடித் தகட்டு ஜெல்லில் கீறிய பிளவில் செருகிக் கரண்ட் விடுவார். புரதங்கள் ஓடி, ஆளுக்கொரு தூரத்தில் நின்று கோடாகும். இருபத்திரண்டு வருடத்தில் அவர் சொன்ன கோடு ஒன்றுகூடப் பிசகியதில்லை.

டிரைவரின் மனைவி தினமும் அங்கே படிக்கட்டில் வந்து உட்காருவாள். “அக்கா, வெயில்ல நின்னா அவருக்கு மூக்குல ரத்தம் வரும். சொன்னா போலீஸ்காரங்க சிரிக்கிறாங்க.”

“சிரிக்கட்டும்மா. ரத்தத்துக்குச் சிரிக்கத் தெரியாது.”

மிச்சமிருந்தது ஒரே நூல். அன்று பார்த்து, சுவருக்கு வெள்ளையடிக்க மேசையைத் திருப்பிப் போட்டிருந்தார்கள். அம்மாளின் கை, பழக்கதோஷத்தில், சிவப்பு ஒயரை ஜன்னல் பக்கமே மாட்டியது. புரதங்கள் தலைகீழாக ஓடி ஜெல்லின் விளிம்பையே தாண்டிவிட்டன. வேறொருவராயிருந்தால் தலையில் கைவைத்து உட்கார்ந்திருப்பார். அவர் புரதத்தை நீலமாக்கிக் காட்டும் சாயத்தை எடுத்து மேசைமேல் ஊற்றினார். இரண்டு நீலக் கோடுகள், எறும்புச் சாரி மாதிரி, மேசைக்காலில் இறங்கிக்கொண்டிருந்தன. அம்மாள் செருப்பை மாட்டிக்கொண்டு, படிக்கட்டில் இருந்தவளையும் கூட்டிக்கொண்டு, பின்னாலேயே போனார்.

கோடுகள் கடைக்காரர் வீட்டைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் சிறை வாசலுக்குப் போயின. காவலாளி குனிந்து பார்த்து, பார்வையாளர் நோட்டைப் பிரித்தார்.

“கைதிக்கு என்ன உறவு?”

“ரொம்ப நெருங்கின சொந்தம்,” என்றார் அம்மாள்.

காவலாளி அப்படியே எழுதிக்கொண்டு உள்ளே விட்டார். கோடுகள் டிரைவரின் மார்பில் ஏறி, இடது மூக்கின் கீழே போய்ப் படுத்துக்கொண்டன. தும்மல் வந்ததாகவும், ஆனால் மரியாதைக்கு அடக்கிக்கொண்டதாகவும் அவர் பின்னர் சொன்னார்.

நீதிபதி ஒன்றே ஒன்றுதான் கேட்டார். “வழியில வேற யார் வீட்லயாவது நின்னுச்சாம்மா?”

“ஒரே இடத்துல நின்னுச்சுங்க ஐயா. பஸ் போறதுக்கு.”

டிரைவர் அன்றே வீடு திரும்பினார். அம்மாள் மேசையைப் பழையபடி திருப்பிப் போட்டு அடுத்த சட்டையை எடுத்தார். ஊரும் அதன்பின் சொந்தக்காரனைத் தேடிப் போகும் ரத்தத்தை வழியில் பார்த்தால் ஒதுங்கி இடம்விடப் பழகிக்கொண்டது.

மின்சார ஆபீஸ் பதிவேட்டின்படி, அந்தச் செவ்வாய்க்கிழமை காலை ஆறு மணியிலிருந்து மாலை ஆறு மணிவரை ஆய்வுக்கூடத் தெருவில் கரண்ட் இல்லை.