சாந்தினி கேட்ட கேள்வி

கூடாரம் போட இடம் வேண்டுமென்று, வாசலில் நின்ற பள்ளி வேனைக் குணாளன் பின்னால் எடுத்தான். அவன் தங்கை யோகேஸ்வரி சன்னலோரம் நின்று பார்த்தாள். வேன் பளபளவென்றிருந்தது. திங்கட்கிழமை ஆசிரியர் கல்லூரி நேர்முகத் தேர்வுக்கு மகளை அதில் கொண்டுபோய் இறக்க வேண்டுமென்று அப்பா முருகையா நேற்றுத்தான் தேய்த்துத் தேய்த்துக் கழுவியிருந்தார்.

"வீண் வேலப்பா. இனிமே ஏஐ பாடம் சொல்லிக் குடுக்கும். டீச்சர யாரு தேடப் போறா? நான் போகல" என்று அவள் அப்போதே சொல்லிவிட்டாள். அவர் வாளியைக் கவிழ்த்து வைத்துவிட்டு உள்ளே போனார். இன்று விடிவதற்கு முன்பே அவருக்கு நெஞ்சுவலி. ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியில், பாடாங் செராய் ஊரைத் தாண்டுவதற்குள் காரிலேயே முடிந்துவிட்டது. சண்டைகூடப் போடாமல் போய்விட்ட மனிதரை என்ன செய்வது? அவளுக்கு அழுகைகூட வரவில்லை.

மத்தியானம், அவர் வேனில் ஏற்றிப்போகும் பிள்ளைகள் பெற்றோரோடு வந்தார்கள். ஒன்றாம் ஆண்டு படிக்கும் ஏழு வயதுச் சாந்தினி நேரே உள்ளறைக்கு வந்து யோகேஸ்வரியின் பக்கத்தில் உட்கார்ந்தாள். கையிலிருந்த அம்மாவின் கைப்பேசியிடம், "வேன் மாமா எப்ப எந்திரிப்பாரு?" என்று கேட்டாள்.

கைப்பேசியிலிருந்த ஏஐ பதமாகத்தான் சொன்னது. "இறந்தவர்கள் மறுபடி எழுந்திருக்க மாட்டார்கள். உனக்கு அழுகை வந்தால் அழலாம். அவரை எப்போதும் நினைத்துக்கொள்ளலாம்."

யோகேஸ்வரிக்குச் சுருக்கென்றது. காலையிலிருந்து தனக்கே ஒருவரும் இப்படி எடுத்துச் சொல்லவில்லை. இதை மிஞ்ச நான் எங்கே போவேன் என்று நினைத்துக்கொண்டாள்.

சாந்தினி கைப்பேசியைப் பாயில் வைத்துவிட்டு அவள் முகத்தைப் பார்த்தாள்.

"நெசமாவாக்கா?"

"அதான் போன் சொல்லிருச்சு லா."

"நீங்க சொல்லுங்க."

யோகேஸ்வரி பிள்ளையின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"நெசந்தாம்மா. எந்திரிக்க மாட்டாரு."

பிள்ளை அவள் மடியில் விழுந்து விசும்பியது. யோகேஸ்வரிக்கும் அப்போதுதான் அழுகை வந்தது. அழுது ஓய்ந்ததும் சாந்தினி ஒவ்வொன்றாகக் கேட்க ஆரம்பித்தாள். மாமாவுக்குக் குளிருமா, பசிக்குமா, ஏன் கால் கட்டைவிரல்களைச் சேர்த்துக் கட்டியிருக்கிறார்கள். யோகேஸ்வரி தெரிந்ததைச் சொன்னாள், தெரியாததைத் தெரியாது என்றாள். தெரியாது என்றபோதும் பிள்ளை தலையை ஆட்டிக்கொண்டது. சொல்லச் சொல்ல அவளுக்கு நெஞ்சு லேசானது.

வாய்க்கரிசி போடக் கூப்பிட்டார்கள். அரிசியைப் போட்டுவிட்டு அவள் அப்பாவின் காதருகே குனிந்தாள்.

"திங்கக்கெழம போறேன்பா."

தலைமாட்டில் நின்ற குணாளன் நிமிர்ந்து பார்த்தான். அவள் பின்னாலேயே வந்திருந்த சாந்தினி, தனக்கும் கொஞ்சம் அரிசி வேண்டுமென்று கையை நீட்டினாள்.