பூஜ்யத்துக்கு வலப்பக்கம்

“என்னம்மா மியூட், காலி டப்பா சௌக்கியமா?” என்று கேட்டுக்கொண்டேதான் சீனியர் தினமும் ஆய்வகத்துக்குள் நுழைவார்.

அவள் தலையை மட்டும் ஆட்டுவாள். அதிகம் பேசாதவள் என்பதால் அந்தப் பெயரை வைத்ததும் அவர்தான். பெயரைப் பற்றி அவளுக்குக் கவலையில்லை. டப்பாவைக் காலி என்றதுதான் சுருக்கென்று தைத்தது.

டப்பா கண்ணுக்குத் தெரியாதது. கிண்ணம் போன்ற இரண்டு மூலக்கூறுகள் கரைசலில் மிதந்தபடி ஒன்றையொன்று தேடிப் பிடித்து, விளிம்போடு விளிம்பு சேர்ந்து, ஒரு கூடாக மூடிக்கொள்ளும். யாரும் ஒட்ட வேண்டாம், ஆணியடிக்க வேண்டாம். அந்தக் கிண்ணத்தைச் செய்து எடுப்பதற்குள் அவளுக்குத் தாவு தீர்ந்துவிட்டது. கூடு என்னவோ ஒழுங்காகத்தான் மூடிக்கொண்டது. உள்ளே போய் உட்கார வேண்டிய சின்ன மூலக்கூறுதான், ஆய்வகத்தில் எல்லோரும் ‘கெஸ்ட்’ என்று கூப்பிடுவது, போன பாடில்லை.

“வெள்ளிக்கிழமை மீட்டிங் வரைக்கும் பாக்கலாம்மா,” என்று ஆய்வகத்தை நடத்தும் மேடம் சொல்லியிருந்தார். “அதுக்குள்ள ஒண்ணும் நுழையலேன்னா இதை மூட்டை கட்டிடலாம். வேற வேலை தரேன்.”

திட்டியிருந்தால்கூடத் தேவலை.

வெள்ளிக்கிழமை காலை, ஒற்றை அறை வீட்டில், அக்கா வேலைக்குக் கிளம்ப இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தாள்.

“ஏண்டி உர்ருன்னு இருக்க?”

“உள்ள போக மாட்டேங்குதுக்கா.”

“எது?”

“கெஸ்ட்.”

“நம்ம வீட்டுலயும்தான் எந்த கெஸ்டும் உள்ள வர முடியாது. கால் வைக்க இடம் இருந்தாத்தானே? முதல்ல கட்டில் மேல இருக்கற உன் துணிய மடி.”

சிரிப்பு வந்துவிட்டது. துணியை மடித்துவிட்டு ஓடினாள்.

ஆய்வகத்தில் தன் வரைபடங்களையெல்லாம் மேசையில் பரப்பினாள். பெரிய காந்தத்துக்குள் கண்ணாடிக் குழாயை இறக்கினால், கரைசலில் இருக்கும் ஒவ்வொரு மூலக்கூறும் ஒரு கோட்டின் மேல் தனக்குரிய இடத்தில் சிகரமாக எழும். சிகரத்தின் பரப்பைக் கொண்டு எவ்வளவு இருக்கிறது என்று சொல்லிவிடலாம். அவள் போட்ட கெஸ்ட், போட்ட அளவுக்குத் தெரியவில்லை. எப்போதும் கொஞ்சம் குறைந்தது.

“எடை போடறப்ப கை நடுங்கிக் கீழ கொட்டியிருப்ப,” என்றார் சீனியர், தோளுக்குப் பின்னாலிருந்து எட்டிப்பார்த்து. “தராசுக்கே கூச்சமா?”

அவள் படங்களின் மேல் இன்னும் குனிந்தாள். கோபம் புத்தியைத் தீட்டியது. கை தவறினால் ஒருமுறை கூடும், ஒருமுறை குறையும். இங்கே எல்லாக் குழாயிலும் ஒரே அளவு குறைந்தது. கெஸ்டை அதிகமாகப் போட்டாலும் அதே குறைவுதான். அந்தக் குறைவு எவ்வளவு என்று கணக்கிட்டாள். கரைசலில் எத்தனை கூடுகள் இருந்தனவோ, அத்தனை.

கூட்டுக்கு ஒன்று!

கொட்டியிருக்கவில்லை. உள்ளே போயிருக்கிறது. அப்படியானால் உள்ளே போனதன் சிகரம் எங்கே?

கோட்டின் வலது ஓரத்தைப் பார்த்தாள். எண்கள் இடமிருந்து வலமாகக் குறைந்துகொண்டே வந்து, கடைசியில் பூஜ்யம். அங்கே காகிதம் முடிந்திருந்தது. அந்த ஆய்வகத்தில் கையாளும் மூலக்கூறுகள் எல்லாமே பூஜ்யத்துக்கு இடப்பக்கம்தான் தெரியும். அதனால் வலப்பக்கத்தை வெட்டி, படத்தை அழகாக்கி அச்சடிப்பது அங்கே எல்லோருக்கும் பழக்கம். வேலைக்குச் சேர்ந்த புதிதில் அவளும் கற்றுக்கொண்டாள். மற்றவர்களைவிடச் சுத்தமாக வெட்டினாள்.

கூட்டின் சுவரெல்லாம் பென்சீன் வளையங்கள். உள்ளே இருப்பதன் மேல் காந்தத்தின் பிடியை அவை தளர்த்தும். சிகரம் வலப்பக்கமாக நகரும். இது அவள் பரீட்சையில் எழுதி மார்க் வாங்கிய விஷயம். பரீட்சைத் தாளில் இருந்தது கத்தரிக்கும் கைக்கு எட்டவில்லை, அவ்வளவுதான்.

கணினியில் முழுப் படத்தையும் திறந்து, பூஜ்யத்தைத் தாண்டி இழுத்தாள்.

வெட்டவெளியில் தன்னந்தனியாக ஒரு சிகரம் நின்றது. ஒல்லியாக, நிமிர்ந்து.

மீட்டிங்கில் மேடம், “சரிம்மா, அப்போ இதை...” என்று ஆரம்பிக்கும்போதே அவள் எழுந்துவிட்டாள்.

“மூட்டை கட்ட வேண்டாம் மேடம். உள்ள போயிடுச்சு. முதல் நாள்லேர்ந்தே உள்ளதான் இருக்கு. நாமதான் வெட்டிப் போட்டுட்டோம்.”

அவள் குரல் இவ்வளவு தூரம் கேட்கும் என்று அங்கே யாருக்கும் தெரியாது. அவளுக்கும்தான்.

சீனியர் திரையைப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார். “இது குழாயில ஒட்டின கிரீஸா இருக்கும். இதை நம்பி ஆட்டம் போடாத.”

“கிரீஸ்னா என்ன போட்டாலும் அசையாது,” என்றாள். “கெஸ்ட்னா, அதைவிடக் கச்சிதமா பொருந்தற ஒண்ணு வந்தா இடத்தைக் காலி பண்ணிட்டு வெளியே வரணும். வாங்க, பாத்துடலாம்.”

எல்லோரும் காந்த அறைக்குப் படையெடுத்தார்கள். புது மூலக்கூறை அவள் குழாயில் விட்டாள். ஒரு சொட்டுக்கூடச் சிந்தவில்லை. குழாயைக் குலுக்கி இறக்கிவிட்டு, காத்திருந்தார்கள். மேடம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டினார், மறுபடியும் கழற்றினார்.

திரையில் படம் விரிந்தது. ஒல்லிச் சிகரம் இருந்த இடம் துடைத்துவிட்டாற்போல் இருந்தது. பக்கத்தில், பூஜ்யத்துக்கு வலப்பக்கமே, வேறொன்று முளைத்திருந்தது. இடப்பக்கம், வெளியே இருக்கும் கெஸ்டின் சிகரம் உயர்ந்திருந்தது. மேடமே பரப்பைக் கணக்கிட்டார். காணாமல்போன அளவு அப்படியே வெளியே வந்திருந்தது.

“அடிப்பாவி!” என்றார் சீனியர். அந்த ஒரு சொல்லில் அவ்வளவு மரியாதை இருந்தது. பிறகு கதவருகில் போய், அங்கிருந்தவர்களிடம் சத்தமாகச் சொன்னார்: “எல்லாரும் அவங்கவங்க பழைய படத்தைத் திறந்து, வலப்பக்கம் என்ன இருக்குன்னு பாருங்கப்பா. நானும் நிறைய வெட்டியிருக்கேன்.”

மேடம் மட்டும் திரையை விட்டு நகரவில்லை. “உள்ள ஒருத்தன் இருந்தான், இன்னொருத்தன் வந்து துரத்திட்டான். கண்ணெதிரே!” என்று சின்னப்பிள்ளைபோலச் சிரித்தார். “அடுத்து யாரும்மா?”

அவள் ஏற்கனவே அலமாரியைத் திறந்திருந்தாள். சின்னச் சின்னப் புட்டிகளாக எடுத்து மேசையில் அடுக்கிக்கொண்டே போனாள். மேசை போதவில்லை.

“இவ்வளவு பேரா?”

“உள்ள யாரெல்லாம் போவாங்கன்னு தெரியணும் மேடம். அப்புறம் எவ்வளவு நேரம் தங்குவாங்க, சூடு பண்ணா ஓடுவாங்களா, ரெண்டு பேர் சேந்து நுழைவாங்களா...”

அவள் பேசிக்கொண்டே இருந்தாள். யாரும் குறுக்கிடவில்லை.