டெலிபோனம்மா எழுதிய கதை

எழுபதுகளின் தொடக்கத்தில் பென்னலூருக்குப் பக்கத்தில் ஒரு இரும்பு வார்ப்பு கம்பெனி வந்தது. சுற்றிலும் நெல் வயல். நடுவில் புகை விடும் கொட்டகை, அதை ஒட்டி ஓடு வேய்ந்த ஆபீஸ். ஆபீஸின் மூலையில், ஜன்னலோரமாக, டெலிபோன் போர்டு. அதன் முன்னால் பங்கஜம்.

காஞ்சிபுரத்திலிருந்து காலை பஸ்ஸில் வருவாள். வந்ததும் காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டால் சாயங்காலம் சங்கு ஊதும்வரை அந்த நாற்காலிதான். போர்டில் சின்னச் சின்ன தகர மூடிகள் வரிசையாக இருக்கும். யாராவது கூப்பிட்டால் டக்கென்று ஒரு மூடி விழும். எந்த மூடி என்று பார்த்து, கயிற்றைச் செருகி, கைப்பிடியைச் சுற்றி மணியடித்து இணைப்பு கொடுக்க வேண்டும். காலையில் மூடிகள் மழைபோல விழும். பகல் சாப்பாட்டுக்கு அப்புறம் ஒன்றிரண்டுதான். அந்த ஓய்ந்த பொழுதுக்காகத்தான் அவள் காத்திருப்பாள். மேஜை இழுப்பறையிலிருந்து தாள்களை எடுத்து, விட்ட இடத்திலிருந்து கதையை எழுதத் தொடங்குவாள். பாதி வாக்கியத்தில் மூடி விழும். "நம்பர் ப்ளீஸ்" என்பாள். இணைப்பு கொடுத்துவிட்டு மீதி வாக்கியத்துக்குத் திரும்புவாள்.

அப்பா போன பிறகு வீடு அவள் சம்பளத்தில் நடந்தது. தம்பி படித்துக்கொண்டிருந்தான். வேலையை விட்டுவிட்டு எழுதலாம் என்ற நினைப்பே அவளுக்கு வந்ததில்லை. ஆனால் எழுதாமல் வேலையை மட்டும் பார்க்கவும் முடியவில்லை. "கதை எழுதுற பொண்ணுன்னா மாப்பிள்ளை வீட்டுக்காரங்க பயப்படுறாங்கடி" என்று அம்மா சொல்வாள். பங்கஜம் சிரித்துவிட்டு பஸ்ஸுக்கு ஓடுவாள்.

அந்த நாளில் அவள் எழுதிய கதைகளில் ஊட்டி பங்களா வரும், பியானோ வரும், காரை ஓட்டிக்கொண்டு கதாநாயகி வருவாள். பங்கஜம் ஊட்டியும் போனதில்லை, பியானோவும் கேட்டதில்லை. வாரப் பத்திரிகைக்கு அனுப்புவாள். கம்பெனி விலாசமும் தபால்தலையும் போட்டுக் கூடவே வைத்த உறையிலேயே கதை திரும்பி வரும். ஆபீஸ் மேனேஜர் ஏகாம்பரநாதன்தான் தபாலைப் பிரிப்பார். திரும்பி வந்த உறையை யாருக்கும் தெரியாமல் அவள் மேஜையில் கவிழ்த்து வைத்துவிட்டுப் போவார். கதை எழுதுவதைப் பற்றி அவர் ஒரு வார்த்தை கேட்டதில்லை. அதுவே அவர் செய்த பெரிய உதவி.

கம்பெனி கேன்டீனில் செங்கமலம் வேலை செய்தாள். பென்னலூர்க்காரி. கணவன் இல்லை. ஒரே மகன் நாகப்பன் பம்பாயில் ஏதோ பட்டறையில் இருந்தான். மாதத்துக்கு ஒரு தரம் பகல் நேரத்தில் ட்ரங்க் கால் வரும். "பம்பாய் கால், செங்கமலம் இருக்காங்களா?" என்று மெட்ராஸ் ஆபரேட்டர் கேட்டதும் பங்கஜம் ஜன்னல் வழியாகக் கையைத் தட்டுவாள். கழுவிக்கொண்டிருந்த அண்டாவை அப்படியே போட்டுவிட்டு செங்கமலம் ஓடி வருவாள். ஈரக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு, போனை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு கத்துவாள்.

"நாகப்பா! துன்னியாடா? எப்போ வூட்டுக்கு வர?"

அவள் பேசுவது கேன்டீன் வரைக்கும் கேட்கும். மகன் பேசுவது அவளுக்கு மட்டும் கேட்க வேண்டியது. பங்கஜத்துக்கும் கேட்டது. லைன் கட்டாகாமல் பார்த்துக்கொள்ளத்தான் ஹெட்போனைக் கழற்றாமல் வைத்திருக்கிறேன் என்று முதலில் தனக்கே சொல்லிக்கொண்டாள். பிறகு அப்படிச் சொல்லிக்கொள்வதையும் விட்டுவிட்டாள். மாட்டுங்கா ஸ்டேஷன் பக்கத்தில் நம் ஊர்க்காரர் மெஸ்ஸிலிருந்து பேசுகிறேன் என்பான். அடுத்த மாதம் வருகிறேன் என்பான். ஒருமுறை சொன்னான்:

"யம்மா, கனாவுல நீ என்னை அடிக்கிற மாதிரியே வருது. எழுந்தா நிம்மதியா கீது."

செங்கமலத்துக்கு அது சரியாகக் கேட்கவில்லை. "இன்னாது? இன்னாடா சொல்ற?" என்று கத்திக்கொண்டிருக்கும்போதே அவன் காசு கட்டிய மூன்று நிமிடம் முடிந்து லைன் கட்டாகிவிட்டது.

அதற்குப் பிறகு கால் வரவில்லை. ஒரு மாதம், இரண்டு மாதம், ஆடி போய் ஐப்பசியும் வந்துவிட்டது. பகல் வேலை முடிந்ததும் செங்கமலம் ஆபீஸ் வாசற்படியில் வந்து உட்காருவாள். எதுவும் கேட்க மாட்டாள். மூடி விழும் சத்தம் கேட்டால் மட்டும் தலையைத் தூக்கிப் பார்ப்பாள்.

அப்படி அவள் உட்கார்ந்திருந்த ஒரு மதியம் பங்கஜம் ஊட்டிக் கதையை ஓரமாக வைத்துவிட்டு வேறு தாளை எடுத்தாள். ஒரு தாய், ஒரு டெலிபோன், வராத ஒரு அழைப்பு. கை தானாக ஓடியது. அந்தக் கனவை நாகப்பன் சொன்ன வார்த்தையிலேயே எழுதினாள். பெயர்களை மாற்றினாள், ஊரை மாற்றினாள். முடிவில் மகன் சாயங்கால பஸ்ஸில் தகரப் பெட்டியோடு வந்து இறங்கினான்.

கதை திரும்பி வரவில்லை. சில வாரம் கழித்து ஏகாம்பரநாதன் பத்திரிகையைக் கையில் விரித்துக்கொண்டே அவள் மேஜைக்கு வந்தார்.

"ஏம்மா பங்கஜம், படம்லாம் போட்டிருக்கான்மா!"

அன்று ஆபீஸ் முழுக்க காராபூந்தியும் ஜாங்கிரியும். காஞ்சிபுரத்தில் அம்மா பத்திரிகையைச் சாமி படத்துக்குக் கீழே வைத்தாள். பஸ்ஸில் யாரோ முகம் தெரியாத பெண் தன் கதையைப் படித்துக்கொண்டிருப்பதைப் பார்த்த பங்கஜம், இறங்க வேண்டிய இடத்தைத் தாண்டி தண்டலம் வரைக்கும் போய்விட்டாள். வெயிலில் திரும்பி வந்தபோது கூட அவளுக்குச் சிரிப்புதான் வந்தது. அந்த மாதிரி சந்தோஷம் பிறகு எந்தக் கதைக்கும் வரவில்லை என்று அவள் பின்னாளில் சொல்வதுண்டு.

அந்த வாரக் கடைசியில் செங்கமலம் ஆபீஸுக்குள் வந்தாள். எப்போதும் படியோடு நிற்பவள், நேராக போர்டுக்குப் பக்கத்தில் வந்து நின்றாள். தலை வாரி, துவைத்த புடவை கட்டியிருந்தாள்.

"டெலிபோனம்மா, எதிர் வூட்டுப் பொண்ணு பொஸ்தகத்துல படிச்சிச்சு. எம் புள்ள வந்துட்டான்னு எழுதிக்கீறியாமே. எப்போ வரான்? ஒனக்கு போன் பண்ணானா?"

பங்கஜம் ஹெட்போனைக் கழற்றினாள்.

"அது கதைம்மா. நானா எழுதினது."

"பஸ்ல வந்து எறங்கினான்னு கீதே?"

"அதுவும் நானா எழுதினதுதான். எனக்கு போன் எதுவும் வரல."

செங்கமலம் போர்டின் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். பிறகு மெதுவாகக் கேட்டாள்.

"அப்போ அந்தக் கனா? நான் அடிக்கிற மாதிரி கனா வருதுன்னு? அதுவும் நீயா எழுதினதா?"

பங்கஜத்தால் பொய் சொல்ல முடியவில்லை. "அது அவர் சொன்னது. உங்களுக்கு அன்னைக்குக் கேட்கல."

"அவன் சொன்னது எனக்குக் கேக்கல. ஒனக்குக் கேட்டுச்சு." செங்கமலத்தின் குரல் உயரவில்லை. "நாங்க பேசறத எல்லாம் கேட்டுக்கினு இருந்தியா?"

அவள் போய்விட்டாள். அன்று மதியம் வாசற்படி காலியாக இருந்தது. பங்கஜம் தாளை எடுத்தாள், ஒரு வரிகூட எழுத முடியவில்லை. மேஜையில் பத்திரிகை கிடந்தது. படத்தில் ஓவியர் அந்தத் தாய்க்கு அழகான மூக்குத்தி போட்டிருந்தார். அதைப் பார்க்கவே அவளுக்குக் கூசியது.

இரண்டு நாள் யோசித்துவிட்டு மெட்ராஸ் ட்ரங்க் போர்டைக் கூப்பிட்டாள். யாக்கோபு என்று ஒரு ஆபரேட்டர். முகம் பார்த்ததில்லை, குரல் மட்டும் சில வருடப் பழக்கம்.

"பம்பாய்ல ஒரு மெஸ் நம்பர் கண்டுபிடிக்கணும் சார். மாட்டுங்கா ஸ்டேஷன் பக்கம். தமிழ்க்காரர் நடத்துறது. பேர் தெரியாது."

"சிஸ்டர், மாட்டுங்காவுல தடுக்கி விழுந்தா தமிழ் மெஸ்தான்" என்று யாக்கோபு சிரித்தார். "பரவால்ல, பம்பாய் என்கொயரில கேட்டுப் பார்க்கறேன். எதுக்கு சிஸ்டர்?"

சொன்னாள். மறுமுனையில் சிரிப்பு நின்றுவிட்டது.

யாக்கோபு ஒன்றொன்றாக நம்பர் வாங்கிக் கொடுத்தார். பங்கஜம் ஓய்ந்த பொழுதுகளில் கால் புக் பண்ணினாள். இந்தக் கால்களுக்குக் காசு தன்னுடையது, கம்பெனி கணக்கில் எழுத வேண்டாம் என்று ஏகாம்பரநாதனிடம் முன்பே போய்ச் சொன்னாள். "உன் கணக்குலேயே எழுதிக்கிறேன், பேசும்மா" என்றார். பின்னால் அவர் அதை எழுதவேயில்லை. சில மெஸ்ஸில் தெரியாது என்றார்கள். ஒன்றில் ஹிந்தியில் திட்டினார்கள். கடைசியில் ஒருவர், "நாகப்பனா? மெட்ராஸ் பக்கத்துப் பையன். இங்கதான் பின்னாடி தேங்காய் உரிச்சுக்கிட்டு இருக்கான்" என்றார்.

அவனை லைனுக்கு வரச் சொன்னாள். அவன் குரல் அவளுக்கு நன்றாகத் தெரியும். அவனுக்கு அவளைத் தெரியாது.

"உங்கம்மா தினமும் வந்து உட்கார்ந்துட்டுப் போறாங்க. ஏன் பேசறதில்ல?"

இரைச்சலுக்கு நடுவே அவன் சொன்னான். "தகடு அமுக்குற பிரஸ்ல கை மாட்டிக்கிச்சு மேடம். வலது கையில ரெண்டு வெரலு இல்ல. பட்டறையில நிறுத்திட்டாங்க. இன்னான்னு சொல்றது அம்மாகிட்ட? நீங்களும் சொல்லிடாதீங்க."

"நான் சொல்ல மாட்டேன். நாளைக்கு இதே நேரம் கூப்பிடுறேன், நீங்களே சொல்லுங்க."

மறுநாள் பங்கஜமே கேன்டீனுக்குப் போனாள். செங்கமலம் அரிசி களைந்துகொண்டிருந்தாள். நிமிர்ந்து பார்க்கவில்லை.

"உங்க பையன் லைன்ல வரார். இது கதையில்லம்மா. வாங்க."

செங்கமலம் ஓடி வந்தாள். போனை அவள் கையில் கொடுத்து, இணைப்பு சரியாக விழுந்ததா என்று மட்டும் பார்த்தாள் பங்கஜம். பிறகு ஹெட்போனைக் கழற்றி மேஜைமேல் வைத்துவிட்டு வெளியே போய்விட்டாள். கொட்டகையில் உருகிய இரும்பை அச்சில் ஊற்றிக்கொண்டிருந்தார்கள். வேகும் அச்சு மண்ணின் வாசனை வந்தது. ஜன்னல் வழியாக செங்கமலத்தின் முதுகு தெரிந்தது. அன்று அவள் கத்தவில்லை. தலையைக் குனிந்து, போனுக்குள்ளேயே போய்விடுவதுபோல நின்றிருந்தாள். உள்ளே ஒரு மூடி விழுந்தது. பங்கஜம் அசையவில்லை. மேனேஜர் எட்டிப் பார்த்தார், பிறகு தானே போய் அந்த அழைப்பை எடுத்தார்.

அம்மாவும் பிள்ளையும் என்ன பேசினார்கள் என்று பங்கஜத்துக்குத் தெரியாது. வெளியே வந்த செங்கமலம் அவளைத் தாண்டிப் போய்விட்டு, திரும்பி வந்து அவள் கையைப் பிடித்து ஒருமுறை அழுத்தினாள். கை ஈரமாகவே இருந்தது.

பொங்கலுக்கு முன்னால் நாகப்பன் வந்தான். பஸ்ஸில் அல்ல. காய்கறி லாரியில், டிரைவர் பக்கத்தில் உட்கார்ந்து, கையில் ஒரு பையோடு. கொஞ்ச நாள் வீட்டோடு இருந்தான். பிறகு கம்பெனி கேட்டுக்கு எதிரே டீக்கடை போட்டான். மூன்று விரலால் டீ ஆற்றும் வேகத்தைப் பார்க்கவே ஷிப்டு முடிந்து வருகிறவர்கள் நிற்பார்கள்.

பங்கஜம் பல மாதம் எதுவும் எழுதவில்லை. பத்திரிகையிலிருந்து இன்னொரு கதை கேட்டுக் கடிதம் வந்தும் பதில் போடவில்லை. ஒருநாள் மதியம் செங்கமலம் டம்ளரில் மோர் கொண்டுவந்து வைத்தாள்.

"ஏன் எழுதறதில்ல?"

"எழுத வரலம்மா."

செங்கமலம் தரையில் உட்கார்ந்தாள். "ஒண்ணு சொல்லட்டா? அந்தக் கதையில அந்தத் தாய் ரொம்ப நல்லவளா கீறா. நான் அவ்ளோ நல்லவ இல்ல. அவன் ஏன் ஓடிப்போனான் தெரியுமா? இந்தக் கம்பெனிக்கு நெலம் குடுத்தமே, எனக்கு ஒரு வேலை குடுன்னு கேட்டு கேட்ல சண்டை போட்டான். வாட்ச்மேன் சட்டையப் புடிச்சான். எங்க என் கேன்டீன் வேலையும் போயிடுமோன்னு பயந்து, அத்தினி பேரு எதிர்ல அவன அறைஞ்சேன். என் சோறு போயிடும்னு எம் புள்ளைய அறைஞ்சேன்." மூக்கைச் சிந்தினாள். "இத எழுதிக்கோ. நானா சொல்றேன், நீ ஒண்ணும் ஒட்டுக் கேக்கல. பேரையும் மாத்தாத."

பங்கஜம் எழுதினாள். வாரப் பத்திரிகை அதைத் திருப்பி அனுப்பிவிட்டது. சோகம் அதிகம் என்று ஒரு வரி எழுதியிருந்தார்கள். சில வருடம் கழித்து ஒரு சின்னப் பத்திரிகையில் வந்தது. அதை அவள் கேன்டீனில் வைத்துப் படித்துக் காட்டினாள். வெங்காயம் உரித்தபடி கேட்டுக்கொண்டிருந்த செங்கமலம், தன் பெயர் வருமிடத்தில் எல்லாம் பக்கத்திலிருந்தவளைப் பெருமையாகப் பார்த்தாள்.

பிறகு பங்கஜத்துக்குக் கல்யாணமாயிற்று, குழந்தை பிறந்தது, வேலை மட்டும் மாறவில்லை. கேன்டீனிலிருந்து யாராவது வந்து, "டெலிபோனம்மா, எங்க வூட்லயும் ஒரு கதை கீது" என்று உட்காருவார்கள். சிலதை எழுதிக்கொள்ளச் சொல்வார்கள், சிலதை எழுதக் கூடாது என்று சத்தியம் வாங்கிக்கொள்வார்கள். எண்பதுகளில் கம்பெனி பெரிதாகி, தானே இயங்கும் போர்டு வந்தது. அவளைக் கணக்குப் பிரிவுக்கு மாற்றினார்கள். அங்கே வேலை ஓயவே இல்லை. எழுத்தைப் பஸ்ஸுக்கு மாற்றிக்கொண்டாள். காஞ்சிபுரம் ரோட்டின் குலுக்கலில் எழுதியதால் அவள் கையெழுத்தே கோணலாகிவிட்டது.

அவளுடைய முதல் புத்தகம் வந்தபோது யாக்கோபு போன் பண்ணினார். எங்கேயோ கேள்விப்பட்டிருந்தார். "சிஸ்டர், ஒரு புக் எனக்கு அனுப்புங்க. கையெழுத்து போட்டு" என்றார். விலாசம் சொன்னார், எழுதிக்கொண்டாள். இத்தனை வருடத்தில் அவர்கள் ஒருவரை ஒருவர் பார்க்கவேயில்லை என்பது அப்போதுதான் இருவருக்கும் உறைத்தது.

"ஒரு நாள் வாங்களேன் சார், எங்க கேட்டுக்கு எதிரே டீ நல்லாயிருக்கும்" என்றாள் பங்கஜம்.