குளத்துல கரைச்ச வெல்லம்

செம்பூர்ல ஒரு அம்மன் கோயில். அந்தக் கோயில் குளத்துக்கு வானமாமலைதான் காவல். நாங்குநேரிப் பக்கத்துலேருந்து பம்பாய்க்கு வந்து ஆறு மாசம்தான் ஆவுது. மே மாசம் தண்ணி சுட்டுரும், இப்பல்லாம் வெயில் வருசா வருசம் கூடிக்கிட்டே போவுது, மீனு தாங்காதுன்னு கமிட்டி சங்கரன் சார் ஒரு மூலைய ஆழமாத் தோண்டச் சொன்னாரு. தோண்டினான். ஓரத்துல கோரை நட்டு, மரக்கொப்ப வெட்டி உள்ள போட்டான். கெண்டைக்குஞ்செல்லாம் அந்த நெழலுக்கு அடியில போயி ஒண்டிக்கிச்சு.

"மொத மழை வரைக்கும் இதுகள உயிரோட வச்சுடுடா. அதான் உன் டியூட்டி"ன்னாரு சார்.

அந்த நேரம் பாத்து ஊர்லேருந்து அம்மை போன் பண்ணுதா. கழுத்துல கட்டியாம்.

"செவ்வாக்கெழம குளத்துல எம்பேரச் சொல்லி வெல்லம் கரைச்சிருய்யா. வெல்லம் கரையுத மாரி கட்டியும் கரைஞ்சிரும்."

மீனு நெனப்பு வராம இல்ல. ஒரு அச்சு வெல்லந்தானன்னு மனசத் தேத்திக்கிட்டு, படியில குத்தவச்சுக் கரைச்சான். சாமி கும்புட வந்த பேராச்சி அக்கா அதப் பாத்துட்டு எதுக்குன்னு கேட்டா, சொன்னான். தாராவியில அவன் ரூமுக்கு அடுத்த வீடு.

மறு செவ்வா, பாதி தாராவி குளத்தங்கரையில நிக்கி. கட்டி உள்ளவ, மரு உள்ளவ, எல்லார் கையிலயும் வெல்லம்.

"யக்கா, வேண்டாம். மீனு செத்துரும்."

"ஏல, ஒங்கம்மைக்குன்னா கட்டி கரையும், எங்களுக்குன்னா மீனு சாவுமோ?" பேராச்சி சிரிச்சா. "பெரிய தொரை. வழிய விடு."

வானமாமலை ஒதுங்கிட்டான்.

வெயில்ல தண்ணி புளிச்சு நொரைச்சுது. வியாழக்கெழம விடியக்காலம் மீனெல்லாம் மேல வந்து வாயத் தொறந்து தொறந்து மூடுது. ஆழத்துலயும் மூச்சு இல்ல, கொப்புக்கு அடியிலயும் இல்ல. மதியத்துக்குள்ள குளம் பூரா வெள்ளை வயிறு.

சங்கரன் சார் மூக்கப் பொத்திக்கிட்டு வந்து நின்னாரு.

"இன்னும் பத்துப் பதினஞ்சு நாள்ல மழை வந்திருக்கும்டா. இந்த வெல்லத்த ஆரம்பிச்சு வச்சது யாரு?"

பேராச்சி பேரு நாக்கு நுனி வரைக்கும் வந்துது. முழுங்கிட்டான்.

"நாந்தான் சார். எங்கம்மைக்கு, கழுத்துல கட்டி."

சார் மூக்குலேருந்து கைய எடுத்தாரு.

"கரைஞ்சுதா?"

"இல்ல சார். பெருசாயிட்டாம்."

வானமாமலை செத்த மீன அள்ளக் கூடைய எடுத்துக்கிட்டுத் தண்ணியில எறங்கினான்.