முதுகு தேய்க்க ஒருத்தி

என் அறையில் எவளும் ஒரு பருவத்துக்கு மேல் தங்கியதில்லை. நான் குறட்டை விடுகிறேனாம், எடுத்தெறிந்து பேசுகிறேனாம். சீனாவின் வடகோடியில் பிறந்த சாங்சுன்காரி வேறு எப்படிப் பேசுவாள்? வெளிநாட்டு மாணவர் விடுதியில் மராமத்து நடக்கிறது, லாவோஸிலிருந்து வந்த பெண்ணை உன் அறையில் போடுகிறோம் என்று அலுவலகத்தில் சொன்னபோது, இவள் எத்தனை நாளைக்கு என்றுதான் நினைத்தேன்.

செங்தாவ் என்று பெயர். நெல் ஆராய்ச்சியில் முதுகலை படிக்க வந்திருந்தாள். நான் அதே துறையில் இரண்டாம் ஆண்டு. ஊரிலேயே சீனம் படித்துவிட்டு வந்தவள் என்பதால் நான் கத்துவதில் முக்கால்வாசி அவளுக்குப் புரிந்தது. புரிந்தும் சிரித்தாள். குறட்டை தொந்தரவாக இருக்கிறதா என்று கேட்டேன். வீட்டுக்குப் பின்னால் ஆற்றில் படகு இன்ஜின் ஓடிக்கொண்டே இருக்கும், அது இல்லாமல் இங்கே எப்படித் தூங்குவது என்று பயந்திருந்தாளாம். அப்போதே எனக்கு அவளைப் பிடித்துவிட்டது.

ஒன்றே ஒன்றுதான் இடித்தது. அவள் குளிக்க வருவதில்லை.

அக்டோபர் தொடக்கம். அறைகளைச் சூடாக்கும் வெந்நீர்க் குழாய்களை இன்னும் திறந்துவிடவில்லை, தெருவைவிட வீட்டுக்குள் குளிர் அதிகமாக இருக்கும் நாட்கள். எங்கள் மாடியில் வருவது பச்சைத் தண்ணீர் மட்டும். குளிக்க வேண்டுமென்றால் சோப்புக் கூடையைத் தூக்கிக்கொண்டு பொதுக் குளியல்கூடத்துக்குத்தான் போக வேண்டும். அங்கே தடுப்பு கிடையாது, துணியும் கிடையாது, எல்லோரும் ஒன்றாகத்தான் குளிப்போம். நான் கூப்பிடும்போதெல்லாம் தலைவலி என்பாள், நாளைக்கு என்பாள். பிறகு ஒரு பேசினில் தண்ணீர் பிடித்துக்கொண்டு கழிப்பறைக்குள் போய்த் தாழ்போட்டுக்கொள்வாள். அந்தக் குளிரில் அப்படிக் குளித்தால் என்ன ஆகும்? இருமல் பிடித்தது, காய்ச்சலும் வந்தது.

காய்ச்சல் விட்டதும் ஊருக்கே போய்விடுகிறேன் என்றாள். பக்சேயில் அவள் அக்கா நூடுல்ஸ் கடை வைத்திருக்கிறாள், அங்கே வேலை இருக்கிறதாம். படிப்பு பிடித்திருக்கிறது, நீயும் பிடித்திருக்கிறாய், குளிக்க முடியாத ஊரில் எப்படி இருப்பது என்று கேட்டாள். எனக்குப் பகீரென்றது. அதைக் காட்டிக்கொள்ளத் தெரியாமல் கோபம்தான் வந்தது.

"எல்லாருக்கும் இருக்கறதுதான்டி உனக்கும் இருக்கு. உன்னை யாரு பாக்கப்போறா?"

எனக்கு அது அவ்வளவுதான். அம்மா, அத்தை, பக்கத்து வீட்டுக்காரி என்று எல்லோரோடும் குளித்து வளர்ந்தவள் நான். என் ஆய்வு வழிகாட்டி அம்மாவுக்கே அந்தக் கூடத்தில் நின்று வணக்கம் சொல்லியிருக்கிறேன். கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனேன்.

நான் உள்ளே போய்த் தண்ணீரைத் திறந்துவிட்டுத் திரும்பிப் பார்த்தால், செங்தாவ் ஒரு பருத்திக் கைலியை மார்புக்கு மேல் ஏற்றிக் கட்டிக்கொண்டு வருகிறாள். அவர்கள் ஊர் ஆற்றில் பெண்கள் அப்படித்தான் குளிப்பார்களாம். அது பாங் சித்திக்கு எப்படித் தெரியும்? வாசலில் நாற்காலி போட்டுக் கூடத்தைக் காவல் காக்கும் சித்தியின் குரல் எங்கள் எல்லோருடைய குரலுக்கும் மேலே கேட்டது.

"ஏ பொண்ணு! இங்க துணி தொவைக்கக் கூடாதுன்னு சொவரு பூரா எழுதி வச்சிருக்கேன். ஒடம்புல சுத்திக் கொண்டாந்தா எனக்குத் தெரியாதா? போன வாரம் ஒருத்தி மெத்தை ஒறையவே கொண்டாந்தா."

அதுவரை யாரும் யாரையும் பார்க்கவில்லை. இப்போது கூடம் முழுக்க அவளைப் பார்த்தது. செங்தாவ் அப்படியே திரும்பிப் போய்விட்டாள். நான் அறைக்குப் போனபோது பெட்டி கட்டிலின் மேல் திறந்து கிடந்தது, பாதி துணி உள்ளே போயிருந்தது.

மறுநாள் மத்தியானம், கூடம் திறப்பதற்கு முன்னாலேயே, பாங் சித்தியிடம் சண்டைக்குப் போனேன். அவளும் வடக்குக்காரி, விட்டுக்கொடுப்பாளா? ஒருத்தியை விட்டால் நாளைக்கு எல்லோரும் அழுக்குத் துணியோடு வருவார்கள், சாக்கடை அடைத்தால் நீயா குத்திவிடுவாய் என்றாள். ஆமாம், நானே குத்துகிறேன் என்றேன். ஒரு துணிக்காக இவ்வளவு கத்துவானேன் என்று கேட்டாள்.

"அவ ஊருக்குப் போயிடுவா சித்தி. அவ போனா எனக்கு யாருமில்ல."

இதைச் சொல்லப்போகிறேன் என்று எனக்கே தெரியாது. சித்தி என்னை ஏற இறங்கப் பார்த்தாள். துணியில் சோப்பு பட்டால் தொலைத்துவிடுவேன் என்றாள்.

செங்தாவைக் கெஞ்சித்தான் கூட்டிவந்தேன். கடைசி மூலையில் நின்றோம். ஓரிருவர் பார்த்தார்கள், நான் முறைத்ததும் திரும்பிக்கொண்டார்கள். எங்கள் ஊரில் கூட வந்தவளின் முதுகைத் தேய்த்துவிடாமல் யாரும் குளித்து முடிப்பதில்லை. நான் சொரசொரப்பான கையுறையை மாட்டிக்கொண்டு காத்திருந்தேன். அவள் நெடுநேரம் யோசித்துவிட்டு, முன்னால் துணியைப் பிடித்துக்கொண்டு, பின்பக்கம் மட்டும் இடுப்புவரை இறக்கிவிட்டாள். தேய்த்துவிட்டேன். பிறகு கையுறையை அவளிடம் கொடுத்துச் சுவர்ப்பக்கம் திரும்பி நின்றேன்.

அவள் தேய்த்ததைத் தேய்ப்பு என்றே சொல்ல முடியாது. கை பட்டதும் தெரியவில்லை, எடுத்ததும் தெரியவில்லை. இப்படித் தடவிக்கொண்டிருந்தால் அழுக்கு எந்தக் காலத்தில் போகும் என்று அதட்டினேன்.

"எனக்கு இப்படித்தான் தெரியும் அக்கா. நான் இதுக்கு முன்னாடி ஒருத்தரைத்தான் குளிப்பாட்டிருக்கேன். எங்கம்மாவை. செத்ததுக்கு அப்புறம்."

தண்ணீர் கொட்டிக்கொண்டே இருந்தது. இந்த ஊருக்கு வரும்வரை துணியில்லாமல் அவள் பார்த்த உடம்பு அது ஒன்றுதானாம். அதற்குப் பிறகு, தன் துணியை அவிழ்க்கப்போனாலே கை மரத்துவிடும் என்றாள். வெட்கம் என்று நானாக முடிவு கட்டியிருந்தேன்.

"நான் உயிரோடதான்டி இருக்கேன். அழுத்தித் தேய்."

அவள் தேய்த்தாள். முதலில் பயந்து பயந்து, பிறகு பலமாக, தோல் எரிகிற அளவுக்கு.

"வலிக்குதா அக்கா?"

"வலிக்குது."

அதில் அவளுக்கு என்ன சந்தோஷமோ, இன்னும் அழுத்தினாள். அவள் முகத்தைப் பார்க்கத் தைரியம் இல்லாமல், சுவரைப் பார்த்தபடியே, ஊருக்குப் போகாதேடி என்றேன்.

"பாதி முதுகுகூட முடியல. எங்க போறது?" என்றாள்.