தெளிந்த பை

டொரதி டீச்சர் கொண்டுவந்த பையில் நீர் மிகத் தெளிவாக இருந்தது. ஆனால் அவருக்குக் காய்ச்சல், வயிற்றைத் தொடவிடவில்லை.

சிறுநீரகங்கள் செயலிழந்த பிறகு, அவர் புசல்லாவையில் தன் வீட்டிலேயே வயிற்றுக் குழாய் வழியே கழிவை உறிஞ்சும் திரவத்தை விட்டு, சில மணி நேரம் வைத்து, பைக்குள் வடிக்கிறார். பாடசாலைக்கும் போகிறார். இது மூன்றாவது தொற்று. முந்தைய இரண்டு முறையும் எங்கள் ஆய்வுகூடத்தில் கிருமி எதுவும் வளரவில்லை. இந்த முறையும் அகப்படாவிட்டால் குழாயைக் கழற்றுவதாக டொக்டர் சொல்லிவிட்டார். பிறகு வாரத்தில் மூன்று நாள் கண்டிக்கு வந்து குருதியைச் சுத்திகரிக்கும் இயந்திரத்தோடு படுக்க வேண்டும். வகுப்பை விடவேண்டியதுதான்.

பையிலிருந்து ஒரு துளியை நுணுக்குக்காட்டியில் பார்த்தேன். தொற்றென்றால் குவிந்திருக்க வேண்டிய வெண்குருதிக் கலங்கள் மிகக் குறைவு. காய்ச்சலுக்கும் இதற்கும் பொருந்தவில்லை. கூச்சத்தை விழுங்கிக்கொண்டு வாட்டுக்குப் படியேறினேன்.

"லெப் ஆள் வாட்டுக்கு வந்தீக்கி! வழி தெரிஞ்சிச்சா?" என்றார் தாதி ரிப்கா.

டொரதியிடம் போனேன். "இது எப்ப எடுத்தது, டீச்சர்?"

"விடிய மிஸ். மொத வந்தது கஞ்சித்தண்ணி மாதிரி. ஊத்திட்டேன். திரும்பத் திரும்பப் புதுசு விட்டு வடிச்சு, தெளிஞ்சதத்தான் கொண்டாந்தேன்."

"ஏன்?"

"டாக்டர் கையில கண்ட அழுக்கையும் குடுக்கிறதா? எப்பவும் கழுவித்தான் குடுப்பேன்."

எப்போதும்! கிருமிகளையும் சேர்த்தல்லவா கழுவி ஊற்றியிருக்கிறார்!

"இப்ப வயித்துல தண்ணி இருக்கா?"

"இருக்கு. பஸ் ஏறுறதுக்கு முந்தி விட்டது."

மதியமாகியிருந்தது. கிருமி சேரப் போதுமான நேரம்.

"மிஸி, அன்டிபயட்டிக் போட்டாச்சா?" என்று ரிப்காவைக் கூப்பிட்டேன். என் குரல் எனக்கே பெரிதாகக் கேட்டது.

"இல்ல, இப்பதான் கலக்கப் போற."

"பொறுங்க! முதல்ல வடிப்பம். மருந்து பட்டா கிருமி வளராது."

பை கலங்கலாக நிறைந்தது. டொரதி முகத்தைத் திருப்பிக்கொண்டார். "ஐயோ, பாக்காதீங்க மிஸ்!"

"இதுதான் வேணும், டீச்சர்!"

அதில் கொஞ்சத்தை ஆய்வுகூட இயந்திரத்தில் வேகமாகச் சுழற்றி, அடியில் படிந்ததைக் கிருமி வளர்க்கும் போத்தல்களில் இட்டேன். மறுநாள் காலை, போத்தலில் கிருமி வளர்ந்ததைக் காட்டும் விளக்கு எரிந்துகொண்டிருந்தது. சாயமிட்டுப் பார்த்தேன். ஊதா நிறத்தில் குலை குலையாக உருண்டைகள். ஸ்டெபிலோகொக்கஸ். தோலில் வாழ்வது, கைவழியே குழாய்க்குள் போயிருக்கும். அதற்கடுத்த நாள் அதைக் கொல்லும் மருந்தும் தெரிந்துவிட்டது. அறிக்கையைப் பார்த்த டொக்டர், "குழாய் இருக்கட்டும்" என்றார்.

அதைச் சொல்ல வாட்டுக்கு ஓடினேன்.

டொரதி எழுந்து உட்கார்ந்தார். "அப்ப ஸ்கூலுக்குப் போகலாமா?"

"காய்ச்சல் விடட்டும். போகலாம்."

"தவணைப் பரீட்ச வருது மிஸ். நான் வர மாட்டேன்னு புள்ளைங்க நிம்மதியா இருக்கும், பாவம்!"