வேலிக்கு இந்தப் பக்கம் விழுந்த எலுமிச்சை

காசிநாதன் வீட்டுக்குள் இரவல் பொருள் நுழைந்ததில்லை. ஏர் உடைந்தால் உழவு நிற்குமே தவிர, அடுத்தவர் ஏர் அவர் நிலத்தில் இறங்காது. அப்படிப்பட்டவர் மகளின் தகரப் பெட்டியை நகர்த்தப்போக, அதற்குப் பின்னாலிருந்து ஒரு பொது அறிவுப் புத்தகம் விழுந்து விரிந்தது. முதல் பக்கத்தில் ‘சி. கோகிலவாணி’ என்று எழுதியிருந்தது.

கோகிலவாணி, சின்னதுரையின் மகள். சின்னதுரை, காசிநாதனின் சித்தப்பா மகன். வேலிக்கு அந்தப் பக்கம்தான் வீடு. தன் தங்கை கல்யாணப் பத்திரிகையில் காசிநாதன் பெயரைத் தன் மாமனார் பெயருக்குக் கீழே போட்டுவிட்டான் அவன். அச்சுக்காரன் செய்த தவறு என்றார்கள். அச்சானதைப் பார்த்துத் திருத்த வேண்டியவன் யார் என்று கேட்டுவிட்டு, காசிநாதன் கல்யாணத்துக்குப் போகாமல் இருந்தார். அந்தத் தங்கையின் பிள்ளைகள் பள்ளிக்கூடம் போகும் வயதாகியும் இரண்டு வீட்டுக்கும் பேச்சில்லை.

புத்தகத்தைப் புரட்டினார். பக்கத்துக்குப் பக்கம் மஞ்சள் மை. வரி வரியாக, மஞ்சளை அரைத்து இழுத்துவிட்டதுபோல் பளீரென்று இருந்தது. அப்படி ஒரு பேனாவைச் சிங்கப்பூரிலிருந்து வந்த தாய்மாமன் செல்விக்குக் கொடுத்ததும், அது அந்தப் பெட்டியிலேயே இருப்பதும் அவருக்குத் தெரியும்.

“செல்வி, இங்க வா.”

செந்தமிழ்ச்செல்வி வந்தாள். அவர் கையில் இருந்ததைப் பார்த்ததும் முகம் சுண்டிவிட்டது.

“அடுத்த மாசம் பரீட்சைப்பா. ரெண்டு பேரும் வேலி வழியா மாத்தி மாத்திப் படிக்கிறோம். கடையில கேட்டேன், கெடைக்கல.”

“வாங்குனதுதான் வாங்குன, அடுத்தவங்க பொருள்ல இப்படியா பூசி வெக்கிறது?”

“அப்பா, அது வந்து...”

“அந்த வூட்டுப் பேச்சே வேணாம்.”

செல்வி பெட்டியை இழுத்துப் பழைய இடத்தில் வைத்தாள்.

வேறொரு சமயமாக இருந்தால் காசிநாதன் உடனே பஸ் ஏறிக் கள்ளக்குறிச்சிக்கோ விழுப்புரத்துக்கோ போய், புதுப் புத்தகம் ஒன்று வாங்கி அந்த வீட்டு வாசலில் வைத்திருப்பார். ஆனால் அது எண்பத்தேழாம் வருஷத்துப் புரட்டாசி. இட ஒதுக்கீடு கேட்டுச் சாலை மறியல். உளுந்தூர்பேட்டை வரைக்கும் புளியமரங்களை வெட்டி ரோட்டில் சாய்த்திருந்தார்கள். பஸ் இல்லை, கடை இல்லை.

“புதுசு வாங்க வழியில்ல. இதையே சுத்தம் பண்ணி நானே கொண்டுபோய்க் குடுக்குறேன். அதோட இந்த இரவல் முடிஞ்சுது.”

“அப்ப நான் எதுல படிக்கிறது?”

மகள் சர்க்கார் உத்தியோகத்துக்குப் போக வேண்டும் என்று ஊர் முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தவரும் அவர்தான். எந்தப் பக்கம் திரும்பினாலும் மானம் வந்து இடித்தது.

முதலில் ஈரத் துணியால் துடைத்துப் பார்த்தார். மஞ்சள் இன்னும் அகலமாகப் பரவியது. ரப்பர் காகிதத்தைத்தான் தேய்த்தது. அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்த மனைவி அமிர்தம், “வேட்டியில மஞ்சக்கறை பட்டா எலுமிச்சங்கா தேய்ப்பேன். அதுக்கு அது போவும். இதுக்கு இன்னாவோ” என்றாள்.

“எலுமிச்சங்கா கொண்டா.”

“எங்க இருக்குது? கல்ராயன் மலையிலேருந்து ஒரு மூட்டை எறங்கல. சங்கராபுரம் சந்தையே கூடல.”

அமிர்தத்தின் பார்வை கொல்லைப்புற வேலிக்குப் போனது. சின்னதுரையின் எலுமிச்சை மரம் வேலியைத் தாண்டி ஒரு கிளையை இந்தப் பக்கம் நீட்டியிருந்தது. விழுகிற பழத்தை எல்லாம் காசிநாதன் காலையில் எழுந்ததும் பொறுக்கி அந்தப் பக்கம் எறிந்துவிடுவார். அந்த வீட்டுப் பழம் இந்த வீட்டு வாய்க்கு ஆகாது.

அன்று காலை இன்னும் எறியவில்லை. ஐந்தாறு பழம் கிடந்தது. காசிநாதன் கொல்லையில் கொஞ்ச நேரம் நின்றார். பிறகு குனிந்தார். துண்டில் பொதிந்துகொண்டு உள்ளே வந்தபோது மனைவியின் முகத்தைப் பார்க்கவில்லை.

ஈர்க்குச்சியின் நுனியில் பஞ்சைச் சுற்றி, சாற்றில் தொட்டு, ஒரு வரியின்மேல் இழுத்தார். கண் எதிரிலேயே மஞ்சள் வெளுத்தது. அச்செழுத்து கருப்பாக அப்படியே நின்றது. காசிநாதனுக்குத் தன்னையறியாமல் ஒரு குஷி வந்துவிட்டது.

சாறு அதிகமானால் தாள் ஊறிப்போகும் என்பதை ஒரு பக்கம் கிழிய இருந்தபோது தெரிந்துகொண்டார். அதன் பிறகு தொட்டதும் தொடாததுமாக இழுத்து, ஈரத் துணியால் ஒற்றி, உலர்ந்த வேட்டித் துண்டை இடையில் வைத்தார். செல்வி பக்கங்களைப் பிரித்துப் பிடித்துக்கொண்டாள். பிடித்த இடத்தையெல்லாம் படித்துக்கொண்டும் இருந்தாள்.

“ஒரே பக்கத்துல எதுக்கு இத்தினி கோடு? எல்லாமே முக்கியம்னா எதுதான் முக்கியமில்ல?” என்றார்.

“அதானேப்பா” என்றாள் செல்வி. அடுத்த பக்கத்தைப் பிரித்துப் பிடித்தாள்.

கடைசிப் பக்கமும் காய்ந்ததும் புத்தகத்தின்மேல் அம்மிக்குழவியை வைத்தார்கள். மறுநாள் எடுத்தபோது தாள் லேசாக நெளிந்திருந்தது. எலுமிச்சை வாசனை அடித்தது. மஞ்சள் இல்லை.

காசிநாதன் வெளுத்த வேட்டி கட்டி, தோளில் துண்டு போட்டு, வேலியைச் சுற்றித் தெரு வழியாகவே போனார். சின்னதுரை வாசலில் உட்கார்ந்து, மறியலில் அடிபட்ட காலுக்கு எண்ணெய் தேய்த்துக்கொண்டிருந்தான். அவரைப் பார்த்ததும் எழ முயன்று, முடியாமல், “வாண்ணே” என்றான்.

உட்காரவில்லை காசிநாதன். போகும் வழியெல்லாம் கோத்து வைத்திருந்த சொற்களை நின்றபடியே சொன்னார்.

“உன் பொண்ணு புத்தகத்துல என் பொண்ணு மஞ்ச மை பூசிட்டா. தப்புதான். அழிச்சுக் கொண்டாந்திருக்கேன். அழிக்க உன் மரத்துப் பழத்தைக் கேக்காம எடுத்தேன். அதுவும் தப்புதான்.”

சத்தம் கேட்டு உள்ளிருந்து வந்த கோகிலவாணி புத்தகத்தை வாங்கிப் புரட்டினாள். அவள் கண் விரிந்தது.

“பெரியப்பா, இது செல்வி போட்ட கோடு இல்ல. மெட்ராஸ்ல பழைய புத்தகக் கடையில வாங்கினது. வாங்குறப்பவே எவனோ அடிச்சு வெச்சிருந்தான். கண்ணு கூசிக்கினு படிக்கவே முடியாது. எப்படிப் பெரியப்பா போச்சு?”

யாரும் கேட்காத மன்னிப்பைக் காசிநாதன் சொல்லியாகிவிட்டது. அதுவும் அவனுடைய வாசலில், அவராகப் போய். சொன்னதைத் திரும்ப வாங்க முடியாது.

சின்னதுரை சிரித்திருந்தால் அவர் அப்படியே திரும்பியிருப்பார். அவன் சிரிக்கவில்லை. எண்ணெய்க் கையை வேட்டியில் துடைத்துக்கொண்டான்.

“பழத்துக்கு இன்னாண்ணே தப்பு? நீ எறியுற பழத்துலதான் எங்க வூட்டுல வருஷா வருஷம் ஊறுகா. பறிக்கிற வேலை எங்களுக்குக் கம்மி.” பிறகு குரலைத் தாழ்த்தினான். “அந்தப் பத்திரிகை விசயம். அச்சுக்காரன் இல்லண்ணே. நான்தான். மாமனார் பேச்சைக் கேட்டு எழுதிக் குடுத்தேன்.”

“தெரியும்” என்றார் காசிநாதன். பிறகு உட்கார்ந்தார். “காலுக்கு வெறும் எண்ணெய் பத்தாது. நொச்சி போட்டு ஒத்தடம் குடு.”

வீடு திரும்பியபோது செல்வி வாசலில் காத்திருந்தாள்.

“ஏன்டி சொல்லல?”

“சொல்ல வந்தேன். வுட்டீங்களா?”

“அப்புறம் ரெண்டு நாள் பக்கத்துலயேதானே உக்காந்துக்கினு இருந்த?”

“இருந்தேன்” என்றாள் செல்வி, தரையைப் பார்த்துக்கொண்டு.

காசிநாதன் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார்.

“கோகிலா சாயந்திரம் புத்தகத்தை எடுத்துக்கினு வரும். ரெண்டு பேரும் கூடத்துல விளக்கைப் போட்டு உக்காந்து படிங்க. வேலிக்குள்ள கையை நுழைச்சு வாங்குறது எல்லாம் நம்ம குடும்பத்துக்கு அழகில்ல.”

கொல்லையில் ஏதோ விழுந்த சத்தம் கேட்டது. அமிர்தம் போய்ப் பழத்தை எடுத்துக்கொண்டு, வீட்டு வழக்கப்படி வேலியைப் பார்த்துக் கையை ஓங்கினாள்.

“இங்க கொண்டா” என்றார் காசிநாதன். “பொண்ணுங்களுக்கு ஆளுக்கு ஒரு லோட்டா தண்ணியில பிழிஞ்சு குடு.”